பிரித்து வைத்த கட்டணம்

கேள்வி: விளையாட்டுத் திடலின் பக்கமே போகாத மாணவரும் அதற்காகப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டுவது என்ன நியாயம்?

பதில்: கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தவரெல்லாம் தேர்வடம் பிடித்தே தீர வேண்டும் என்று எந்த ஊரிலும் விதியில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்துவதற்கான கல்விக் கட்டணத்திலிருந்து விலக்கி, மாணவர் நலனுக்கெனத் தனியே வசூலிக்கப்படும் தொகைக்குப் 'பிரித்து வைத்த கட்டணம்' என்றே பெயர். 1995–96 கல்வியாண்டில் 331.50 டாலராக இருந்த அத்தொகையில் ஏறத்தாழ 80 விழுக்காடு மருத்துவ வசதி, விளையாட்டு, மாணவர் மன்றக் கட்டடத்தின் பராமரிப்பு, கடன் அடைப்பு ஆகியவற்றுக்குப் போக, எஞ்சியது மாணவர் அமைப்புகளுக்குப் பகிரப்பட்டது. சண்டை மூண்டது பெரிய பங்குக்காக அல்ல, சிறிய பங்குக்காகவே. தமக்கு ஒவ்வாத கொள்கை பேசும் அமைப்புகளுக்குத் தம் காசு போவதா என்று ஸ்காட் சவுத்வொர்த் என்ற சட்ட மாணவரும் பிறரும் வழக்குத் தொடர, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், எந்த அமைப்பின் கருத்து எது என்று பாராமல் ஒரே அளவுகோலில் பணம் ஒதுக்கும் 'கருத்து நடுநிலை' காக்கப்படும் வரை கட்டாயக் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாணவர் வாக்கெடுப்பால் நிதி வழங்குவதை மட்டும், தலைகளை எண்ணுவது நடுநிலையாகாது என்பதால், ஐயத்தோடு பார்த்தது. விளையாட்டும் மருத்துவமும் அவ்வழக்கில் எவர் மனச்சாட்சியையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.