பொதிகை ஓர ஜன்னல்

ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு வாங்கும் விமானக் கம்பெனியின் இருக்கைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வி.கே.புரத்திலிருந்து எழுதுகிறேன். விக்கிரமசிங்கபுரம் என்று முழுதாகச் சொன்னால் உங்கள் ஆட்கள் எழுத்துக்கூட்டச் சொல்வதால் சுருக்கியிருக்கிறேன்.

ஜன்னல் சீட்டு பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் வந்து நிற்கும் முன்பே ஒரு துண்டு உள்ளே பறக்கும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது, கட்டணம் இல்லை. சேரன்மகாதேவி தாண்டினால் பொதிகை மலை இடது பக்கம் கூடவே வரும். ஆனால் இடது பக்கம் பெண்கள் சீட்டு. அதனால் எங்கள் ஊர் மலையை முழுசாகப் பார்த்தவர்கள் ஆச்சிமார்தான். ஆண்கள் பார்த்ததெல்லாம் வயக்காடு.

அப்படி ஆயுசு முழுக்க மலையோரமாகவே வந்துபோன என் ஆச்சிக்கு, அதை ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க ஆசை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தெற்கு பார்த்துப் பறந்தால் வலது கைப்பக்கம் மேற்கு. காலை விமானம் என்றால் சூரியன் இடது பக்கத்துக்காரர் கண்ணைத்தான் கூசவைக்கும். நமக்கு மலையின் கிழக்கு முகத்தில் விளக்குப் போட்டுக் காட்டும். ஏடிஆர் விமானத்துக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது, கீழே பார்ப்பதை மறைக்காது. எஞ்சின் பக்கத்து வரிசைகளை மட்டும் தவிர்த்தால் போதும். மாதமும் பார்த்தேன்: ஐப்பசி கார்த்திகை மழை வானத்தைக் கழுவிவிட்டு, எங்கள் ஊர்க் காரையாறு அணை நிரம்பி 143 அடியைத் தொடுகிற சமயம். 1,868 மீட்டர் அகத்தியமலை எங்கே ஒளிந்துகொள்ளும்? 350 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. பணிப்பெண் வந்தார். "பாட்டிம்மா, பேலன்ஸுக்காகக் கொஞ்சம் முன்னாடி போய் உட்காருங்க." முன்னாடி என்றால் இடது பக்கம், நடைபாதை ஓரம். சின்ன விமானம், முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் கிளப்ப வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆச்சி எழுந்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏல, அகத்தியரையும் இப்படிச் சொல்லித்தாம்ல தெக்க அனுப்புனாவ."

உங்களுக்குக் கதை தெரியாமல் இருக்கலாம். கயிலாயத்தில் கல்யாணக் கூட்டம் நெருக்கி வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது, பேலன்ஸுக்காக இடம் மாற்றப்பட்ட முதல் பயணி அவர்தான். ஆனால் அந்த நிர்வாகத்துக்கு நியாயம் தெரிந்திருந்தது. பாபநாசத்துக்கே வந்து கல்யாணக் கோலத்தைக் காட்டிவிட்டுப் போனார் சிவன். சீட்டு போனாலும் காட்சி போகவில்லை. ஆச்சிக்குக் கிடைத்த காட்சி, சமோசா தள்ளுவண்டி.

இதுவாவது பரவாயில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் கம்பெனிகள்மேல் பயணிகள் வழக்கே போட்டார்கள். ஜன்னல் சீட்டு என்று விற்ற இடத்தில் வெறும் சுவர் இருந்தது என்பது புகார். போயிங் 737 போன்ற விமானங்களில் குளிர்காற்றுக் குழாய் போகிற இடத்தில் ஜன்னல் வைப்பதில்லை. குழாய் தாராளமாகப் போகட்டும். சுவருக்கு யார் விலைச்சீட்டு ஒட்டியது? தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று, பெரிய விமானங்கள் வரும் என்கிறார்கள். கூடவே சுவரும் வருமோ என்று எனக்கு இப்போதே கவலை.

350 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை. டிக்கெட்டில் ஏ, எஃப் என்று போடும் இடத்தில் 'கடல் ஓரம்', 'மலை ஓரம்' என்று அச்சடியுங்கள். பேலன்ஸுக்கு ஆள் வேண்டுமென்றால் கடல் ஓரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்; அவர்கள் எப்படியும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தை மாதம் ஆச்சி மறுபடி வருகிறாள். இந்தத் தடவை கையில் ஒரு துண்டு இருக்கும். செக்யூரிட்டியில் அதைப் பிடுங்கிவிட வேண்டாமென்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆச்சியின் பேரன்,
வி.கே.புரம்