மைக் யார் கையில்?

பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஓப்பன் டேக்களில் எனக்குப் பிடித்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினுடையது. ஆண்டுக்கு ஒருநாள், பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் சனிக்கிழமை, சுமார் 400 ஏக்கர் வளாகத்தை ஊருக்கே திறந்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது. உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் செயற்கை மின்னல் வெட்டும். திரவ நைட்ரஜன் புகை கக்கும். பல்லாயிரம் பேர் பாட்டி, பேரன், புளியோதரை டப்பா சகிதம் வந்து இறங்குவார்கள். இந்தியாவில் இதைவிட யோக்கியமான கூட்டம் ஒன்று இருக்க முடியாது. யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததில்லை, பிரியாணிப் பொட்டலமும் இல்லை. மின்னல் பார்க்கச் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தவர்கள். ஆனால் இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமானாலும், இப்படி ஒரு கூட்டம் வாசலில் சேர்ந்ததும் நிர்வாகத்துக்கு முதலில் வருவது பயம். அடுத்து வருவது மௌனம். நெரிசலுக்குக் காரணம் கூட்டத்தின் குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மௌனம்தான் பாதிக் காரணம் என்பது என் கட்சி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங், அழைப்புகள் எப்படி வந்து குவியும் என்று கணக்கிட்டு 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். வரிசைக் கோட்பாடு அங்கேதான் தொடங்கியது. பெங்களூருக் கழகம் பிறந்ததும் அதே 1909 என்பதில் ஏதோ குறும்பு இருக்கிறது. வரிசையில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பவற்றை இணைக்கும் எளிய சூத்திரத்தை ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தார். பொறியியல் கல்லூரிகள் இதைப் பாடமாக நடத்துகின்றன, தேர்வில் கேட்கின்றன, தப்பாக எழுதினால் பெயிலாக்குகின்றன. ஒரு செயல்விளக்க அறையில் 60 பேர் உட்காரலாம், காட்சி 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 240 பேர். பிற்பகல் 2 மணிக்கு வாசலில் 1,200 பேர் நிற்கிறார்கள், 5 மணிக்குக் கடை கட்டிவிடுவார்கள் என்றால், 721ஆவது ஆளுக்கு மின்னல் கிடையாது. இது ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். அந்த ஆளிடம் போய், "ஐயா, உங்களுக்கு இன்றைக்கு இடம் வராது, பக்கத்துக் கட்டடத்தில் ரோபோ இருக்கிறது, கூட்டமும் இல்லை" என்று சொல்ல ஒருவர் போதும். சொல்ல மாட்டார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்று, ஐந்து மணிக்குக் கதவு மூடும்போது, தான் ஏமாந்ததை அவரே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் கத்தினால், "பார்த்தீர்களா, கூட்டத்துக்குப் பொறுமையே இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், வரும் பதில் ஒன்றுதான்: "சொன்னால் பீதி கிளம்பிவிடும்." கூட்டம் சேர்ந்தால் மனிதன் புத்தி கெட்டுவிடுகிறான் என்று பிரெஞ்சுக்காரர் லெ பான் 1895இல் எழுதிவைத்தார், நம் நிர்வாகங்கள் அதை இன்னும் திருத்தாத சட்டம்போல் காப்பாற்றி வருகின்றன. ஆபத்துகளில் சிக்கிப் பிழைத்த கூட்டங்களை ஆராய்ந்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் ட்ரூரி போன்றவர்கள் கண்டதோ வேறு: முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள், வழிவிடுகிறார்கள். 1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற கேளிக்கை விடுதி தீப்பிடித்தது. மேடையில் நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. வால்டர் பெய்லி என்ற 18 வயதுப் பணியாள், மேசை துடைக்கிற பையன், நேரே மேடையேறி மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகளைக் காட்டி, எல்லோரும் கிளம்புங்கள் என்றான். 165 பேர் இறந்த அந்த இரவில், அந்தப் பையன் பேசியதால் பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைப் பின்னாளில் அலசியவர்கள் பீதியைத் தேடினார்கள், அதிகம் அகப்படவில்லை. உயிர் குடித்தவற்றில் முக்கியமானது, செய்தி தாமதமாக வந்தது. நம் பல்கலைக்கழகமாக இருந்திருந்தால், அந்தப் பையன் முதலில் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பித்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் வெளிநாடு, நம் ஜனங்களுக்கு வரிசையே தெரியாது" என்பார்கள். கல்யாணப் பந்தியைப் பாருங்கள். மைக் இல்லை, டோக்கன் இல்லை, தன்னார்வலர் இல்லை. ஆனாலும் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற மாமா எவ்வளவு அமைதியாக நிற்கிறார்! இலையில் ரசம் இருந்தால் இன்னும் பத்து நிமிடம், மோர் ஊற்றிவிட்டால் இதோ. தகவல் கண்முன்னே கிடக்கிறது. அதே மாமாவை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத மூடிய கதவுக்கு முன்னால் நிறுத்துங்கள். கால் மணியில் கதவை இடிப்பார். ஹார்வர்டில் பாடம் நடத்திய டேவிட் மெய்ஸ்டர், காத்திருப்பின் உளவியல் பற்றி 1985இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: எவ்வளவு நேரம், எதற்காக என்று தெரியாத காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும். அவர் நம் பந்திக்கு வந்திருந்தால் ஆராய்ச்சி இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அறிவிப்பே செய்வதில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். செய்கிறார்கள், நாள் முழுக்கச் செய்கிறார்கள். "பார்வையாளர்கள் தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எதற்கு ஒத்துழைப்பது? உட்காருவதா, நகர்வதா, வீட்டுக்குப் போவதா? நடுவில் மாண்புமிகு விருந்தினர்கள் வந்த செய்தி, வெள்ளை நிற மாருதி காரை எடுக்கச் சொல்லும் வேண்டுகோள். மற்றவற்றுக்கு அட்டையில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறதே என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் போனை எடுத்தால் சிக்னல் திணறும். வரைபடம் பாதி இறங்கி, பாட்டியின் கையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு அடைந்துவிட்டால் கூட்டம் ஏறக்குறையத் திரவமாகிவிடும் என்றார். அதற்குப் பிறகு யாருடைய பொறுமையும் யாருக்கும் உதவாது, அலை தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். முன்னால் விழுந்து கிடப்பவர் பின்னால் இருப்பவருக்குத் தெரிவதில்லை என்பதால், நெரிசலுக்கான காரணங்களில் தகவலையும் ஒன்றாக வைத்தார். 2012 ஜனவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், மிச்சமிருந்த இடங்களுக்கு நேரில் விண்ணப்பிக்கப் பெருங்கூட்டம் காத்திருந்தது. வாசலில் ஏற்பட்ட தள்ளுமுள்ளில், மகனுக்காக வந்த ஒரு தாய் இறந்தார். எத்தனை இடம் மிச்சம், யாருக்கு வாய்ப்பு என்று முந்தின நாளே வாசலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தால் அத்தனை பேர் முண்டியிருப்பார்களா? 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப விழாவில், இசை நிகழ்ச்சிக்கு முன் திடீரென்று மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் திறந்தவெளி அரங்கின் வாசலுக்குள் ஒதுங்க முண்டினார்கள். உள்ளே இறங்கும் படிகளில் விழுந்து நால்வர் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்குவது பைத்தியக்காரத்தனமா? நனைந்தவர்கள் எவரும் செய்வது அது. அந்தப் படிகள் எப்படி இருக்கின்றன என்பது தெரியவேண்டியது அவர்களுக்குத்தான்.

"விஷயம் உறுதியாகாமல் எப்படிச் சொல்வது? தப்பாகிவிட்டால்?" இதுதான் இருப்பதிலேயே நியாயமான ஆட்சேபம், நானும் இதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் உறுதியாவது என்றால் என்ன? வாசல் காவலர் மேற்பார்வையாளரிடம், அவர் எஸ்டேட் அதிகாரியிடம், அவர் பதிவாளரிடம், அவர் துணைவேந்தரின் உதவியாளரிடம். உதவியாளர் சாப்பிடப் போயிருப்பார். அதற்குள் வாட்ஸ்அப்பில் கூரை இடிந்து விழுந்துவிடும், குண்டு வைத்துவிடுவார்கள், அடுத்த ஆண்டு ஓப்பன் டேயே ரத்தாகிவிடும். வதந்தி யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நெருக்கடிக் கையேடு, முதலில் பேசு, சரியாகப் பேசு, நம்பும்படி பேசு என்கிறது. மூன்றும் எப்படிக் கூடும் என்றால், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்து எப்போது பேசுவோம் என்று நேரம் சொல்லிவிடுவதால். "மூன்றாம் வாசல் மூடியிருக்கிறது. காரணம் விசாரிக்கிறோம். 2.20க்கு மறுபடி சொல்கிறோம்." இதில் தப்பாகப் போக என்ன இருக்கிறது? 2.20க்கு மறுபடி சொல்லாமல் இருந்தால்தான் தப்பு.

ஆகவே என் யோசனை சின்னது. வரவேற்புக் குழு, சிற்றுண்டிக் குழு, மேடை அலங்காரக் குழு, பொன்னாடைக் குழு என்று போடுகிற பட்டியலில் ஒரு வாசல் குழுவையும் சேர்க்க வேண்டும். அதில் பேராசிரியர்கள் வேண்டாம். ஐந்து வாக்கியங்களில் முடிப்பது அவர்களுக்குச் சிரமம். வாசலில் நிற்கிற காவலரிடமும், டிஷர்ட் போட்ட மாணவியிடமும் ஒரு மைக்கும், முன்கூட்டியே எழுதிய சில வாக்கியங்களும், யாரையும் கேட்காமல் பேசும் உரிமையும் கொடுத்தால் போதும். "பாதுகாவலர் ஏதாவது உளறிவிட்டால் கல்லூரி மானம் போகும்" என்று ஒரு குரல் எழும், தெரியும். உளறுவதற்கு நம்மிடம் முறைப்படி ஏற்பாடு இருக்கிறது: மேடையில், தலைமை விருந்தினருக்கென்று தனி மைக். அதன் ஒலிபெருக்கி மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.