டன்னுக்கு மூன்று கிராம்

எங்கள் ஊரில் தங்கம் எடுப்பதை 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தோண்டுவது மட்டும் நிற்கவில்லை. அந்தப் பொறுப்பை இப்போது என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்று நடத்துகிறார்கள்.

பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதன் வேரடியில்தான் தங்கம் இருக்கிறது என்று பெரியவன் முடிவு செய்த பிறகு செடி இல்லை. அந்த முடிவுக்கும் அவன் சும்மா வந்துவிடவில்லை. நிபுணரைக் கலந்துகொண்டுதான் வந்தான். என் மாமனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபது வருஷம் இறங்கி ஏறியவர். "தங்கம் நேரா கீழ போவாதுடா. மேக்கால சரிஞ்சி சரிஞ்சி எறங்கும்" என்று பேரனுக்குப் பாடம் எடுத்தார்.

பேரன் மேற்கு நோக்கிச் சரித்துச் சரித்துத் தோண்டினான். மேற்கே இருப்பது பக்கத்து வீட்டு அக்காவின் குளியலறை. ஒரு நாள் அக்கா தலைக்குக் குளித்த தண்ணீர், போக வேண்டிய சாக்கடைக்குப் போகாமல் சீயக்காய் வாசனையோடு எங்கள் வாசல் குழியில் வந்து நிறைந்தது. நான் தலையில் கை வைத்து நின்றேன். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப நிறுத்தினா எல்லா சொரங்கமும் இப்பிடித்தாம்மா ரொம்பிக்கும்" என்றார். நிஜம்தான். சுரங்கத்தை மூடி, தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்தியதும் ஊருக்குக் கீழே இருக்கிற சுரங்கமெல்லாம் முழுகிப்போயின. ஆனால் அந்தத் தகவலால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

நான் குடியாத்தம் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். பங்காருபேட்டையிலிருந்து கிளைபிரிந்து வருகிற ரயில் பாதை 1894-இல் போட்டது. அது எங்கள் ஊரோடு முடிந்துவிடும். கல்யாணமான புதிதில், "இதுக்கு மேல போறதுக்கு எடம் இல்ல" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அதன் முழு வீச்சும் எனக்குப் புரிந்தது.

அவருக்கு மட்டும் போக இடம் உண்டு. சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரின் பாதி ஆண்கள் விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவரும் அப்படித்தான். வண்டி இங்கிருந்தே கிளம்புவதால் மாரிகுப்பத்துக்காரர்களுக்கு ஜன்னலோரம் பிறப்புரிமை. கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற அவஸ்தையெல்லாம் அடுத்த ஸ்டேஷன்காரர்களுக்கு. உட்கார்ந்ததும் தூங்குவார், பெங்களூர் வந்தால் எழுந்திருப்பார். "நைட்ல பசங்க தூங்கவே உடல" என்று கூட வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறாராம். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளைகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடி, இரண்டு பேரையும் முழுசாக எழுப்பிவிட்டு, "நான் காலைல ரயிலுக்குப் போணும்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வது யார் என்பதற்கு நான்தான் சாட்சி.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஊரே சங்குச் சத்தத்தில் நடந்ததாம். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு உள்ளே, ஒரு ஷிப்டு வெளியே. மூன்று ஷிப்டுக்கும் மூன்று கூட்டம் ஆட்கள். எங்கள் வீட்டிலும் மூன்று ஷிப்டு உண்டு. ஆள்தான் மாறுவதில்லை.

காலை ஷிப்டில் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் சினிமாவின் குறுக்கீடு அதிகம். ஊர் ஓரத்தில் சைனைட் டம்பு என்று நாங்கள் சொல்கிற மண் மேடுகள் இருக்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டிக் குவித்த கழிவு. அங்கேதான் செட் போட்டு 'கே.ஜி.எஃப்.' படம் எடுத்தார்கள். 2018-இல் படம் வந்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் ராக்கி பாயின் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூட நாளில் காலை எட்டு மணிக்கு வந்தால் எங்கள் வீட்டிலேயே இரண்டு ராக்கி பாயைப் பார்க்கலாம். சட்டைப் பொத்தான் போடுவது ஸ்லோ மோஷன். இட்லியை விண்டு வாயில் வைப்பது ஸ்லோ மோஷன். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்போது வாசற்படியில் திரும்பி நின்று பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பின்னணி இசையைச் சின்னவன் வாயாலேயே போட்டுக்கொள்வான். வேன் டிரைவருக்கு அந்தப் படம் பிடிக்காது.

மாமனாருக்கும் பிடிக்காது. "சொரங்கத்துல ஏதுடா துப்பாக்கி? சோத்து டப்பாவ எடுத்துகினு போவோம், வேர்த்து ஊத்திகினு வருவோம்" என்பார். அடி ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் சுடுமாம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. பேரன்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு, "சரி தாத்தா, நீ எத்தினி பேர அடிச்ச?" என்பார்கள்.

மதிய ஷிப்டு என்று நான் சொல்வது பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். முதலில் சோதனை. வேலை முடிந்து மேலே வருகிற தொழிலாளியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம், தங்கக் கல் எதையும் ஒளித்து எடுத்துப் போகிறானா என்று. மாமனாரிடம் கேட்ட அன்றே அந்த முறையை என் வீட்டு வாசலில் அமல்படுத்திவிட்டேன். அவர்கள் ஆள் வெளியே வரும்போது சோதித்தார்கள். நான் உள்ளே வரும்போது. மினுக்குகிற வெள்ளைக்கல், சைக்கிள் பால் பேரிங், யாருடையதோ பல், பாதி கடித்த கொய்யா, உயிருள்ள ஓணான், உயிரில்லாத ஓணான் என்று அரசாங்கம் கஜானாவில் வைக்க யோசிக்கிற எல்லாம் அந்த நாலு பாக்கெட்டிலிருந்து வரும். கால்சட்டை மடிப்பில் சாம்பல் நிற மண் இருந்தால் அது தனி வழக்கு. டம்பு மேலே ஏறிச் சறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தூசு மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. ஆடி மாதக் காற்றில் அது தானாகவே பறந்து வந்து சமையலறையில் குந்திக்கொள்ளும்போது, இவர்களும் போய் வாரிக்கொண்டு வரவேண்டியதில்லை. "டம்பு பக்கம் போனீங்களாடா?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில், "இல்லம்மா" என்பார்கள். மற்ற எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

அப்புறம் வீட்டுப்பாடம். கர்நாடகத்தில் படிக்கிற பிள்ளைகள், கன்னடம் கட்டாயம். பெரியவன் எழுத்துக் கற்றபோது கூடவே உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். இப்போது அவன்தான் எனக்கு வாத்தியார். நான் வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். சரியென்று ஆட்டுகிறானா, விதியை நினைத்து ஆட்டுகிறானா தெரியாது. ஒரு தரம் என் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துப் பெற்றோர் கையெழுத்து வேறு கேட்டான். குடியாத்தத்தில் இருக்கிற என் அம்மாவுக்குப் போன் போட வேண்டியதாயிற்று. சண்டை வந்தால் வீட்டில் மூன்று பாஷையும் நடக்கும். தமிழில் அடித்துக்கொள்வார்கள், பள்ளிக்கூடப் பழக்கத்தில் கன்னடத்தில் புகார் சொல்வார்கள், முதுகில் இரண்டு வைத்தால், "சாரி மிஸ்" என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பார்கள். நான் அவர்கள் மிஸ் இல்லை என்பது அழுது முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

ராத்திரி ஷிப்டில் கட்டிலிலிருந்து குதிக்கிற போட்டி. லைன் வீட்டுக்குப் பொதுச்சுவர். இங்கே குதித்தால் அங்கே சட்டி பானை ஆடும். முன்பெல்லாம் ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்கினால் மேலே வீடுகளே குலுங்குமாம். அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். அடுத்த நிமிஷம் பெண்கள் வாசலில் நிற்பார்கள், எந்த ஷாஃப்டு, யார் வீட்டு ஆள் என்று விசாரித்துக்கொண்டு. அந்த பயம் மாமனாரின் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. சின்னவன் தொப்பென்று குதித்தால் தூக்கத்திலேயே, "எந்த ஷாஃப்டு?" என்று எழுந்து உட்காருவார். "நம்ம வீட்டு ஷாஃப்டுதான் மாமா, படுங்க" என்பேன். இது ஒன்றில் மட்டும் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் குதிக்காமலும் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பொறுப்பு. கறி எடுத்து வருவது, முடி வெட்டக் கூட்டிப்போவது, பொது அறிவு ஊட்டுவது. பொது அறிவென்றால் ஊர்ப் பெருமை. "1902-லயே சிவசமுத்திரத்துலேர்ந்து 147 கிலோமீட்டர் கம்பி இஸ்துகினு வந்து நம்ம சொரங்கத்துக்குக் கரண்ட் குட்த்தாங்கடா. பெங்களூருக்கே அதுக்கப்புறந்தான்" என்று ஆரம்பித்தார் ஒரு வாரம். பெரியவன் அண்ணாந்து பார்த்து, "அப்போ நம்ம ஃபேன் ஏன்பா சுத்தல?" என்றான். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

அவர் சொன்ன பெருமைகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அறுபதுகளில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஜப்பான்காரர்களோடும் இங்கிலாந்துக்காரர்களோடும் சேர்ந்து எங்கள் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து நியூட்ரினோ என்கிற துகளைத் தேடினார்கள். 1965-இல் பிடித்தும்விட்டார்கள். வானத்திலிருந்து பொழிகிற மற்ற துகள்களின் தொந்தரவெல்லாம் எட்டாத இடம் வேண்டுமென்றால் அவ்வளவு ஆழம் போயாக வேண்டுமாம். இதைக் கேட்டபோது கழுத்தில் ஒருவன், காலில் ஒருவன் தொங்க நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு தொந்தரவும் எட்டாத இடம் வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் என்ன, நாலு கிலோமீட்டர்கூட இறங்கலாம். தம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்து இறக்கிவிட்டால் போதும்.

இந்த ஊர் வரலாற்றிலேயே என்னை உட்காரவைத்த விஷயம் ஒரு கணக்குதான். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் நாற்பது கிராமுக்கும் மேலே தங்கம் கிடைத்ததாம். போகப்போகக் குறைந்து, மூடுகிற காலத்தில் டன்னுக்கு மூன்று கிராம் தேறினால் அதிகம். அந்த மூன்று கிராமுக்கு ஒரு டன் கல்லை வெட்டி, மேலே ஏற்றி, பொடியாக அரைத்து, சைனைடு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் எடுத்த ஊர், கடைசியில் செலவு கட்டாமல் நின்றது.

பிள்ளை வளர்ப்பிலும் அதே கதைதான். பேசக் கற்ற புதிதில் சொன்னதில் நாற்பது கிராமாவது உள்ளே போனது. இப்போது ஒரு டன் புத்திமதிக்கு மூன்று கிராம். "செருப்ப வெளிய உடு", "தட்டக் கழுவு", "தம்பிய மேல ஏத்திட்டு ஏணிய எடுக்காத" என்று காலையிலிருந்து வெட்டி ஏற்றி அரைத்தால், படுக்கப்போகும்போது, "குட் நைட்மா" என்று ஒன்று வரும். கணக்குப் பார்க்கிற கம்பெனியாக இருந்தால் எப்போதோ பூட்டுப் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. வி.ஆர்.எஸ். திட்டமும் யாரும் அறிவிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி மாமனாருக்கு இருமல் விடவேயில்லை. கல்தூசு இருபது வருஷம் நெஞ்சில் இறங்கினால் அது அவ்வளவு லேசில் போகாது. நான் எழுந்து வருவதற்குள் பெரியவன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஆற்றி, தாத்தாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். சின்னவன் தாத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தடவியதோடு பொம்மை ஜே.சி.பி.யையும் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தான் என்றாலும்.

"யார்றா சொன்னது, வெந்நீர் குடுக்கச் சொல்லி?" என்றேன்.

"நீதாம்மா சொன்ன."

"நான் எப்போடா சொன்னேன்?"

"போன வருஷம். நான் கேக்காத மாதிரி இருந்தேன் இல்ல, அப்போ."

ஒரு வருஷம் கழித்து மேலே வந்திருக்கிறது, மூன்று கிராம். ஆக, சொல்வது எதுவும் வீணாகவில்லை. ஆழத்திலிருந்து வரவேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்குப்படி, செருப்பை வெளியே விடச் சொன்னது பெரியவன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும்போது மேலே வரும். தட்டு கழுவச் சொன்னது அவன் கல்யாணத்துக்குப் பிறகு. அதனால் பயனடையப்போகிற மருமகள் எந்த ஊரில் இருக்கிறாளோ, அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: முதலீடு முழுக்க என்னுடையதம்மா.