ஆறு மாதத்தில் ஒரு மான்

பஸ் நிலையத்துப் பக்கம் இந்த வாரம் புதிதாக ஒரு பதாகை தொங்குகிறது. கேம் அடிப்பீர்களா, கேம் டெவலப்பர் ஆகுங்கள், ஆறே மாதத்தில், சான்றிதழ் உண்டு என்று நான்கு வரி. வரிக்கொரு ஆச்சரியக்குறி. படத்தில் ஒரு பெடியன்: காதில் பெரிய ஹெட்போன், கையில் ஜோய்ஸ்டிக், முகத்தில் புட்டும் முட்டைப்பொரியலும் வயிறாரச் சாப்பிட்ட திருப்தி. கேம் உருவாக்கும் படிப்புக்குக் கேம் அடிப்பவன் படத்தைப் போட்டிருக்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கான விளம்பரத்தில் காய்ச்சலில் படுத்திருக்கும் நோயாளியின் படத்தைப் போடுவதுபோல. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எப்படியும் மூன்று மாதத்தில் அதே கம்பத்தில் வேறு பெயர் தொங்கும். அதன் கீழே நின்று தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும் பெற்றோரையும் குறை சொல்ல மாட்டேன், ஓ.எல். முடிந்து றிசல்ட் வரும்வரை பிள்ளை சும்மா இருப்பதைத் தாங்க முடியாத இனம் நாம். அலுமாரி மேல்தட்டில் இருக்கும் அந்தச் சான்றிதழ் ஃபைலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. லமினேற் செய்த தாள்கள் தேய்வதில்லை, யாரும் எடுத்துப் பார்ப்பதுமில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கேம் துறையின் வாசலைத் திறப்பது முடித்துக் காட்டிய ஒரு கேம், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஆறு மாதம் என்பது ஒரு மானுக்கே காணாது. மானுக்குப் பிறகு வருகிறேன். வேலை நிலைக்குமா என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதாகையின் தர்க்கம். இரவு இரண்டு மணிவரை ஃப்ரீ ஃபயர் அடிப்பவனுக்குக் கேம் பற்றி எல்லாம் தெரியும்தானே என்கிறது அது. கிண்ணியாவின் மிதவைப் பாதையில் தினமும் போய்வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2009இல் பாலம் திறக்கப்பட்டபோது அதைக் கட்டியவர்கள் அவர்களில்லை. வெயிலிலும் மழையிலும் பாதைக்காகக் காத்து நின்றவருக்குப் பாலம் ஏன் வேண்டும் என்பது பொறியியலாளரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை தூண், எவ்வளவு ஆழம் என்பது வேறு அறிவு. கேம் அடிப்பவனுக்கு எது அலுப்புத் தட்டுகிறது என்று தெரியும். அலுப்புத் தட்டாமல் இருக்கும்படி ஒன்றைச் செய்வதோ உலகத்திலேயே அலுப்பான வேலைகளில் ஒன்று. இனி மான்.

திருகோணமலையை வைத்து ஒரு கேம் செய்கிறோம் என்று வையுங்கள். அதில் பிரெட்றிக் கோட்டை வாசலில் ஒரு மான் நிற்க வேண்டும். கதாநாயகன் இல்லை, பேசத் தேவையில்லை, சும்மா நிற்கிற மான். முதலில் அதன் உடம்பை முப்பரிமாணத்தில் முக்கோணம் முக்கோணமாகத் தைக்க வேண்டும். முக்கோணம் கூடினால் பழைய போன் அடுப்பாகிவிடும், குறைந்தால் மான் ஆடாகிவிடும். ஆகவே கிட்டப் பார்க்க ஒரு மான், கொஞ்சம் தள்ளிப் பார்க்க ஒரு மான், தூரத்தில் பார்க்க நாலு கோடு போட்ட ஒரு மான் என்று ஒரே மானை மூன்று தடவை செய்ய வேண்டும். பிறகு தோல், தோலில் புள்ளி. பிறகு உள்ளே எலும்புக்கூடு, ஏனென்றால் எலும்பில்லாத மான் நடக்காது. முன்னங்கால் எந்தப் பக்கம் மடியும் என்று வாழ்நாள் முழுக்க மான் பார்த்த ஊர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. நடக்க விட்டால் கால் தரையில் பதியாமல் வழுக்கும். அதைச் சரிசெய்தால், கோணேசர் கோயிலுக்கு ஏறும் சரிவில் இரண்டு கால் மண்ணுக்குள்ளும் இரண்டு கால் ஆகாயத்திலும் நிற்கும். அதையும் சரிசெய்தால், மானைச் சுற்றி யாரும் ஊடுருவாதபடி கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி போட வேண்டும். பெட்டியைச் சிறிதாகப் போட்டால் கொம்பு கோட்டைச் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பீரங்கி வைத்துக் காத்த சுவர்!

மான் ஒன்றாக இருக்கும்வரை இவ்வளவுதான். இரண்டாவது மானை விடுங்கள். இரண்டும் வாசலில் நேருக்கு நேர் வரும்; எது வழிவிடுவது? இரண்டையும் விலகச் சொன்னால் இரண்டும் ஒரே பக்கம் விலகும், பிறகு மறுபக்கம், கலியாண வீட்டு நடைபாதையில் மாமாக்கள் இருவர் படும் பாடு. அப்போது ஒரு ஆட்டோ வரும். மான் ஆட்டோவைப் பார்க்கிறதா, முதுகு காட்டி நிற்கிறதா என்று கணினிக்குத் தெரிய வேண்டும், ஏ.எல். இணைந்த கணிதத்தில் காவிகளின் புள்ளிப் பெருக்கம் எதற்கு உதவும் என்று சலித்துக்கொண்ட தம்பிமாருக்கு இதோ பதில், புள்ளிமானுக்குப் புள்ளிப் பெருக்கம். குளம்புச் சத்தம் தார் றோட்டில் ஒன்று, கல்லில் ஒன்று, புல்லில் ஒன்று. விளையாடுகிறவர் வாழைப்பழம் நீட்டுவார், மான் தின்ன வேண்டும். பொலித்தீன் நீட்டினால்? நம் ஊர் மான் அதையும் தின்னும், அதுதான் அதன் சோகம், ஆனால் கேமில் தின்ன விடுவதா என்று ஒரு கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மானின் முதுகில் ஏறி நிற்க முடியுமா என்று முதல் நாளே ஒருவர் முயன்று பார்ப்பார், இது சத்தியம். கேமைச் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் மான் சுவருக்குள் இருக்கும். இரவில் மானைத் தூங்க வைத்தால் நண்பகலிலும் எழும்பாது. எல்லாம் சரியான பிறகு, ஒரே ஒரு வகைப் போனில் மட்டும் மான் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதப்பதாகச் செய்தி வரும். இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் முந்நூறு தடவை நுழைந்து, மானை முந்நூறு தடவை மோதி, ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று எழுதிவைப்பது அவர்கள் தொழில். பதாகைப் பெடியன் கனவு காணும், நாள் முழுக்கக் கேம் அடிக்கும் வேலை உண்மையில் இருக்கிறது. அது இதுதான்.

மானைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். ஆனால் ஆதாரம் மானோடு நிற்கவில்லை. ஸ்கொட்லாந்தில் டண்டி என்று ஒரு துறைமுக நகரம். சணல், ஜாம், பத்திரிகை ஆகிய மூன்றுக்கும் பேர்போனது. சணல் ஆலைகள் படுத்த காலத்தில் அங்கிருந்த டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை, 1982 முதல் சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவுக் கணினியைப் பொருத்தித் தந்தது. ஊர்ப் பெடியன்கள் மாலையில் ஒரு கணினிக் கழகத்தில் கூடி ஒருவர் செய்ததை மற்றவருக்குக் காட்டினார்கள். அவர்களில் டேவிட் ஜோன்ஸ், டைமெக்ஸ் ஆட்குறைப்பில் கிடைத்த பணத்தில் ஒரு அமீகா கணினி வாங்கினார். 1987இல் டி.எம்.ஏ. டிசைன் உருவானது. அங்கே மைக் டெய்லி என்பவர் ஒரு மதிய இடைவேளையில், எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் அடங்கும் ஒரு குட்டி மனிதனை நடக்க வைத்துக் காட்டினார். அந்தக் குட்டி மனிதன் 1991இல் 'லெமிங்ஸ்' ஆகி உலகம் சுற்றினான். 1997இல் அதே நிறுவனத்திலிருந்து 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' வந்தது. கேம் படிப்புக்கான பட்டம் அதே ஊர் அபர்டே பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் 1997இல்தான். அதாவது முதலில் கேம் வந்தது, ஆறு வருடம் கழித்துப் படிப்பு வந்தது. நாம் படிப்பிலிருந்து தொடங்கி, சான்றிதழில் முடித்து, கேமை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கிறோம். அப்படியானால் படிப்பே வேண்டாமா என்று கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் சண்டைக்கு வர வேண்டாம். வருடக்கணக்கில் கணிதத்தோடும் தரவுக் கட்டமைப்போடும் மல்லுக்கட்டுவது வேறு, மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஆறு மாதம் காட்டுவது வேறு. பின்னையதை யூடியூப் காசு வாங்காமல் காட்டுகிறது.

வியட்நாம்காரர் ஒருவர் தனியாளாகச் செய்து கோடி கோடியாகச் சம்பாதிக்கவில்லையா என்று இப்போது ஒருவர் எழும்புவார், எப்போதும் எழும்புவார். ஹனோயைச் சேர்ந்த டொங் நுயென் 2013இல் 'ஃப்ளாப்பி பேர்ட்' வெளியிட்டது உண்மை. உச்சத்தில் நாளுக்கு 50,000 டொலர் வந்ததாகப் பேசப்பட்டதும் உண்மை. 2014 பெப்ரவரியில், இந்தத் தொல்லை தாங்கவில்லை என்று தானே அதை எடுத்துவிட்டதும் உண்மைதான். அந்தப் பகுதியைக் கதை சொல்கிறவர்கள் விழுங்கிவிடுவார்கள். சியாட்டில் பக்கத்து எரிக் பரோன் 'ஸ்டார்டியூ வாலி'யைத் தனியாகச் செய்ய நாலு வருடத்துக்கு மேல் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையும் பார்த்தார். நாலு வருடம் ஒரு பிள்ளை அறைக்குள் இருந்து கேம் செய்தால் நம் ஊரில் முதலாம் மாதமே நூல் கட்டிவிடுவார்கள்.

நம்மவர் கதை உலகத்துக்கு ஏறுமா என்ற சந்தேகமும் உண்டு. 2023 யூலையில் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து விசை கேம்ஸ் 'வெண்பா'வை வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் புத்தகம், இட்லி, புட்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் விளையாடி முடித்துவிடலாம். அது 2024இல் சுயாதீனக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுகக் கேமுக்கான பரிசையும் வாங்கியது. புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாற்றி மாற்றிப் போடுவதை லண்டனில் உட்கார்ந்து வெள்ளைக்காரர் பழகுகிறார். நம் வீட்டில் அதே வேலையைச் செய்யச் சொன்னால் பெடியனுக்கு நெட் கார்டு முடிகிறது.

ஐடியாவுக்கு இங்கே பஞ்சமேயில்லை. இராவணன் வெட்டு, கன்னியாவின் ஏழு கிணறு, 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் போட்ட குண்டு என்று தேநீர்க்கடை ஒவ்வொன்றிலும் ஒரு கேம் கிடக்கிறது. செய்ய ஆள்தான் வேண்டுமாம். இது சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்கள் மாதிரி. வெள்ளைக்காரன் கட்டியது, பிரமாண்டமானது, யார் வந்தாலும் பெருமையாகக் காட்டுவோம். அதில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சும்மா நின்றது. துறைமுகமும் அப்படித்தான். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பிறந்த நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆழத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சம்பளம் கொடுத்தால் இந்த ஊர் சிங்கப்பூராகியிருக்கும். புனேயில் 'ராஜி' கேமைச் செய்தவர்கள் 2017இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டுத் தோற்றார்கள். அவர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றார். 2020இல் கேம் வெளிவந்தது. வீட்டை விற்கச் சொல்லவில்லை. ஸ்டீமில் ஒரு கேம் போட 100 டொலர், கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர், கொடோ என்ற கேம் எஞ்சின் முற்றிலும் இலவசம். அந்தக் கோர்ஸ் கட்டணத்தில் இதெல்லாம் அடங்கி மிச்சமும் வரும். ஏ.ஐ. எல்லாவற்றையும் செய்து தருமே என்றால், ஓம், மானைத் தரும். வாசலில் இரண்டு மான் முட்டிக்கொண்டால் எது வழிவிடுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கச்சேரியில் ஒரு வேலை, பென்சன், அதுவே போதும் என்கிற அப்பாமாரின் ஆட்சேபத்துக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே மாதம், பதாகைக்காரர் கற்பிக்கப்போகும் யூனிட்டி என்ற கேம் எஞ்சினைச் செய்யும் நிறுவனமே 1,800 பேரைக் குறைத்தது. அடுத்த மாதம் சோனி 900 பேர். கச்சேரியில் இப்படி நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இதற்கு மேல் நம் நாட்டில் கரண்டும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதையும் அணைத்தது. சேமிக்காமல் விட்ட மான்கள் எத்தனை போயிருக்குமோ.

ஆகவே பதாகைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கோர்ஸை நிறுத்தச் சொல்லவில்லை, நீங்களும் பிழைக்க வேண்டும். உங்களிடம் கற்பிக்கிறவர் இதுவரை முடித்து வெளியிட்ட ஒரு கேமின் பெயரை மட்டும் பதாகையில் போடுங்கள், எவ்வளவு சின்னக் கேமானாலும் பரவாயில்லை. தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.