தசைப் பாராயணம்

2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து புதுக்கோட்டை டீக்கடை பெஞ்சுகளில் ஒரு புதுப் பாராயணம் கேட்கிறது. முழங்கையைத் தடவிக்கொண்டே முதலாண்டுப் பிள்ளைகள் முணுமுணுப்பது மந்திரமல்ல, முன்கைத் தசைகள்.

உடம்பில் மொத்தம் 600-க்கு மேல் தசைகள் இருக்கின்றன. உட்கார்ந்தவனை எழுப்பி நிறுத்தும் ஆகப்பெரிய தசைக்குப் பெயர் குளூட்டியஸ் மேக்சிமஸ், அவ்வளவுதான். மூக்கோரத்தில் கிடக்கும் துக்கடாவுக்கோ லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலீக்கே நேசை! நம் கட்சிகளைப் போல, சிறுசுக்குத்தான் பெயர் நீளம். அது முகஞ்சுளிக்கிற தசை. பெயரைப் படித்தாலே வேலை செய்துவிடும்.

இதே ஊர்க்காரர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கியபோது யூடியூப் கிடையாது. பாவம், நெட்டுருப் போட்டே தேறியிருப்பார்.

இதே மாவட்டத்துத் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு வாடிவாசலில் திமிலைத் தழுவித் தொங்குகிற பையனுக்கு பைசெப்ஸ் பிரேக்கியை என்றால் யாரென்று தெரியாது, அதுபாட்டுக்குப் பிடித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் அவன் பிடித்திருக்கும் திமிலில் பெரும்பகுதி ராம்பாய்டியஸ் என்கிற தசைதான். மனிதன் முதுகிலும் அது உண்டு. காளைக்குத் திமிலாக எழும்பியது; நமக்குத் தேர்வுக் கேள்வியாக மட்டும் வருகிறது, அதுவும் ஐந்து மதிப்பெண்ணுக்கு.