கஞ்சித் தண்ணீரும் கச்சா எண்ணெயும்

கேள்வி: எண்ணெய்க் கிணறுகளில் தண்ணீரோடு பாலிமரைக் கலந்து செலுத்துகிறார்களாமே, எதற்கு?

பதில்: தண்ணீர் அவசரக்காரன். பாறையின் நுண்துளைகளில் தங்கிவிட்ட எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வா என்று அனுப்பினால், சுலபமான வழியில் புகுந்து, தான் மட்டும் அடுத்த கிணற்றில் வந்து நிற்கும். அதனால்தான் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமர்ப் பொடியைக் கரைத்து அதைக் கஞ்சியாக்குகிறார்கள். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போதும். கஞ்சி ஓடாது, நடக்கும். எண்ணெயை முன்னால் தள்ளியபடியே நடக்கும்.

சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் பெரிய அளவில் இதைச் செய்கிறார்கள். வெறும் தண்ணீருக்குக் கிடைத்ததைவிட, மொத்த இருப்பில் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வந்தது. பாதிக்குமேல் பூமியிலேயே தங்கிவிடும் பொருளில் இது சின்ன லாபமல்ல! நம் ராஜஸ்தானின் மங்களா வயலிலும் இதே வைத்தியம்தான். (அங்கே எண்ணெயில் மெழுகு அதிகம், உறையாமலிருக்கக் குழாயையே சூடாக்கி அனுப்புகிறார்கள்.)

புதுக் கிணறு தேடுமுன் பழைய பானையை வழித்தெடுக்கும் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஆழத்தில் உப்பு மிகுந்தால் பாலிமர்ச் சங்கிலி சுருண்டுகொள்ளும், சூடு மிகுந்தால் சிதையும். கஞ்சி மறுபடி தண்ணீராகிவிடும். உப்பையும் சூட்டையும் தாங்கும் பாலிமரைத்தான் வேதியியலாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.