கிணத்தடி ரோசா

மாமியின் ரோசாவுக்கு யாழ்ப்பாணத்து வசாவிளானில் பெயர் தேவைப்படவில்லை. "கிணத்தடி ரோசா" என்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். கலியாண வீட்டுத் தட்டத்துக்கு, கோயில் மாலைக்கு என்று விடியவே படலையடியில் ஆட்கள் வந்து நிற்பார்கள். இன்று அந்தச் செடியைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். அதன் வம்சம் எந்தத் தீவில் பிறந்தது, எந்த ஆண்டில் பிரான்சுக்குப் போனது என்றெல்லாம் சொல்ல முடிகிறது. கிணத்தடிதான் வெறுமையாகக் கிடக்கிறது.

மாமா அதைத் திருச்சியிலிருந்து கொண்டுவந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்குமுன், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம். ஈரச்சாக்கில் சுற்றி வந்தது ஓர் ஒட்டுக்கன்று. முதல் மாரியில் வெள்ளையாகத்தான் பூத்ததாம். பிறகு ஒரு சோளகக் காலத்தில் கொப்பெல்லாம் கருகிவிட்டன. செத்துவிட்டது என்று விட்டுவிட, அடுத்த மழைக்கு அடியிலிருந்து துளிர்த்து எழுந்து பூத்தது. இந்த முறை அடர்ந்த ரோஸ் நிறம்.

"எங்கடை தண்ணி அப்படி. வெள்ளையையும் சிவப்பாக்கிப் போடும்" என்பார் மாமி. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிவரும் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாளும் பார்க்கிற ஊர், அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

நிறம் ஏன் மாறியது என்று நான் தேடிய விடை அந்தக் கதைக்குள்ளேயே இருந்தது. ஒட்டு ரோசா என்பது ஓருடலில் இரண்டு செடி. மேலே நாம் காசு கொடுத்து விரும்பி வாங்கும் இனம். கீழே அதைத் தாங்கும் ஒட்டுக்கட்டை, வேறோர் இனம். வேர் பிடிப்பதில் அது வல்லது. மேலே உள்ளது பட்டுப்போனால் கீழே உள்ளது தன் துளிரை விடும், தன் பூவையே பூக்கும். மாமா கொண்டுவந்த வெள்ளை ரோசா அந்தக் கோடையோடு போய்விட்டது. நாங்கள் எல்லோரும் கொண்டாடியது அதைச் சுமந்து வந்த ஒட்டுக்கட்டையை.

அது எந்தக் கட்டை? தென்னிந்தியாவில் ஒட்டுக்கட்டையாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று எட்வர்ட் ரோஸ். தமிழ்நாட்டுச் சந்தைகளில் பன்னீர் ரோஸ் என்று உதிரியாக நிறுத்து விற்பார்களே, மாலைக்கும் குல்கந்துக்கும் போகிறதே, அதுதான். பிரெஞ்சுப் பெயர் ரோஸ் எதுவார். இந்து சமுத்திரத்தில் இன்று ரீயூனியன் எனப்படும், அந்நாளில் பூர்போன் எனப்பட்ட தீவில் சீன ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் கலந்து பிறந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் போனதும் அதே தீவுக்குத்தான். அங்கே தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிரெயோன் 1819இல் அதன் விதைகளைப் பிரான்சிலிருந்த ஜாக் என்ற தோட்டக்காரருக்கு அனுப்பினார். பூர்போன் ரோசாக்கள் என்ற பெருங்குலம் அந்த விதைகளிலிருந்து தொடங்கியது.

மணத்தை மட்டும் வைத்து யாரும் இது டமாஸ்க் என்று சொல்லிவிடலாம். அதே ஆழ்ந்த பன்னீர் மணம். ஆனால் அசல் டமாஸ்க்குக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில் உறங்கி எழுந்து, பெரும்பாலும் வருடத்தில் ஒருமுறை பூக்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழி வாடைக்கும் போர்வை ஒன்று போதும். அந்தக் குளிரை நம்பி அது மொட்டு வைக்காது. மாமியின் செடியோ சித்திரை வெயிலிலும் இரண்டு பூவாவது காட்டும். சீனத்து ரோசாவின் இரத்தம் ஓடினால்தான் அந்த ஓயாத பூப்பு வரும். இரண்டு பக்கமும் பொருந்துகிற பழைய இனத்தில், எனக்குத் தெரிய, எட்வர்டைத் தவிர வேறில்லை.

நினைவை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. இணுவிலில் மச்சாள் வீட்டு மதிலோரம் அதே செடி நிற்கிறது. மாமி யார் கேட்டாலும் கொப்புக் கொடுப்பவர். "இழுத்து முறிக்காதை பிள்ளை, கத்தியாலை சரிச்சு வெட்டு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். நட்டதெல்லாம் பிழைத்தது. கைராசி என்றார்கள். மாமிக்குக் கைராசி இருந்தது உண்மை. வேர் விடுவதற்கென்றே ஆட்கள் தேர்ந்தெடுத்த இனம் அது என்பதும் உண்மை.

1990 ஆனியில், போரினால் வசாவிளான் சனம் உடுத்த துணியோடு வெளியேறியது. மாமி இணுவிலுக்கு வந்தபோது, முன்னொரு நாள் மகளுக்குக் கொடுத்தனுப்பிய தடி மதிலுயரத்துக்கு வளர்ந்து அவரை எதிர்கொண்டது. 1995 ஒக்ரோபர் 30இல் அந்த வீட்டையும் விட்டு எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அடுத்த சித்திரையில் திரும்பி வந்து பார்த்தால், கூரை ஓட்டில் பாதி இல்லை, பசு இல்லை, ரோசா காய்ந்த முள்ளுக்கட்டாய்க் கிடந்தது. அடியில் மட்டும் விரல் நீளத்தில் ஒரு சிவந்த துளிர். அந்த மாரி மழையில் அது தனியே சீவித்திருந்தது. தன் வேரில் நிற்கிற செடிக்கு இது முடியும். மண்ணுக்கு மேலே எல்லாம் போனாலும் திரும்பி வருவது அதே ரோசாதான்.

போன தையில் அதன் அருகில் குந்தியிருந்து பார்த்தேன். பூக்காம்பில் நுண்ணிய மயிர்கள். தடவினால் விரலில் மெல்லப் பிசுபிசுக்கிறது, அந்தப் பிசினிலும் மணம். தண்டில் பெரிதும் சிறிதுமாய் முள். காலையில் கிண்ணமாய் விரிந்த பூ வெயில் ஏறத் தளர்ந்து நடுவிலுள்ள மஞ்சளைக் காட்டுகிறது. தட்டினால் இதழ் கொட்டிவிடும். பூக்கடைக்காரர் விரும்பாத பூ. அடி மண்ணைக் கிளறினேன்: ஒட்டின் முடிச்சு இல்லை, தண்டு நேரே வேருக்குள் இறங்குகிறது.

"இதுக்குப் பேர் என்னண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மணத்துக்குத்தான் வருவினம்" என்றார் மச்சாள்.

வசாவிளானில் இராணுவத்திடமிருந்த நிலத்தில் ஒரு பகுதி 2015இல் திரும்பக் கிடைத்தது. மாமியின் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம். கிணற்றுக்குள் கல்லும் மண்ணும். ஊருக்கு வந்தவர்கள் புதுவீடு கட்டி, வாசலில் ரோசா வைக்க ஆசைப்படுகிறார்கள். வாங்குவது மலைநாட்டிலிருந்து வரும் ஒட்டுக்கன்றுகளை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே, குளிர், புளித்த மண். அந்த மண்ணுக்குப் பழகிய கன்று எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்ததும் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. நரம்பு பச்சையாயிருக்க இலை மஞ்சளாகிறது. இரண்டாம் கோடை வருமுன் பலதும் போய்விடுகின்றன. அவற்றை விற்பவர்களில் எனக்குக் குறையில்லை, அழகான பூக்கள்தான். வெப்ப நாடுகளுக்கென்று ரோசா வளர்க்க வேண்டும் என்று கொடைக்கானலில் விரு வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் பல்லாண்டு உழைத்தார்கள். மணிப்பூரின் காட்டு ரோசாவையும், வெப்பம் தாங்கும் இந்தியக் காட்டினம் ஒன்றையும் எடுத்துப் புதிய வகைகளை உண்டாக்கினார்கள். எங்களுக்கோ வெக்கையைத் தாங்குகிற ஒன்று ஏற்கெனவே வேலியோரம் நிற்கிறது.

அதனால் வலிகாமத்துக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். பழைய வளவில் வாங்கின நிறத்தை விட்டு வேறு நிறத்தில் பூக்கிற ரோசா ஏதும் நின்றால், "காட்டு ரோசா" என்று தறித்துப் போடாதீர்கள். அடி மண்ணைக் கொஞ்சம் விலக்குங்கள். ஒட்டின் முடிச்சுத் தெரிந்தால் பூக்கிற கொப்பு அதற்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று பாருங்கள். கீழிருந்து வந்தால், கார்த்திகை மழை தொடங்கியதும் பென்சில் மொத்தத்தில் ஒரு தடியைக் கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி, நிழலான இடத்தில் நட்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.